உள்தையல்

"எல்லாம் உடுப்புங்க, அது பாட்டா?" என்று
நேற்று பேக்கரியில் ஒருவர் சொன்னார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது.

எண்பத்தேழில் அந்த உடுப்பைத் தைத்தவள் நான்.

காதர்பேட்டையில் கிலோ கணக்கில் வாங்கிய துணி.
சிறுத்தைப் புள்ளி அச்சு.
சாயம் கசிந்துவிட்டதென்று
ஜெர்மனிக்காரன் தள்ளிவிட்டது.
"கசிஞ்சாத்தான் நல்லாருக்குதுக்கா,
சிறுத்தை மழையில நனைஞ்சாப்ல" என்றான் அவினாசியப்பன்.
அவனுக்குப் பாட வேண்டும்.
என்ன பாட்டு என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

போத்தனூர் ரயில்வே காலனி ஜெரால்டு
ஒரு கேசட் உறை கொண்டுவந்திருந்தான்.
உள்ளே கேசட் இல்லை.
நாலு வெள்ளைக்காரப் பையன்கள்,
இடி விழுந்தாற்போல் முடி,
கண்ணுக்கு மை, உதட்டுக்குச் சாயம்.
எங்கள் பனியன் கம்பெனியில் ஒருத்தியும்
அவ்வளவு பூசி வந்ததில்லை.
அந்த உறையைப் பார்த்துத்தான் நான் வெட்டினேன்.
அதைப் பார்த்தேதான் அவர்களும் பாட்டை ஊகித்தார்கள்:
இத்தனை பளபளப்புக்குள்ளிருந்து
என்ன சத்தம் வரும்?
ஆறு வாரம் ஒரு கோழிப்பண்ணைக் கொட்டகையில் தேடினார்கள்.
கோழிகள் முட்டையிடுவதை நிறுத்த,
பண்ணைக்காரர் தடியெடுத்துக்கொண்டு வந்தார்.

இரவு ஷிப்டில்
சூப்பர்வைசர் சாப்பிடப் போகும் அரைமணி நேரம் எனக்கு.
ஜிகினாவை ஒவ்வொன்றாய்க் கையால் கோத்தேன்.
மேலில் குத்துமே என்று
உள்ளே பழைய வேட்டியில் லைனிங் கொடுத்தேன்.
கேசட் உறையில் லைனிங் தெரியாது.

பல்லடம் பொருட்காட்சி.
ஒருபக்கம் மரணக்கிணறு, மறுபக்கம் டெல்லி அப்பளம்,
நடுவே இவர்கள்.
சர்க்கரைத் தண்ணி தடவி நிறுத்திய முடியில்
ஈசல் வந்து அப்பிக்கொண்டது.
"பொம்பள வேசமா?" என்று ஒரு குரல்.
இரண்டாம் பாட்டில் ஜெரால்டு எகிறிக் குதித்தான்.
கால்சட்டையின் முன்தையல் விட்டது.

ஒற்றை நூல்.
ஷிப்மெண்ட் அவசரத்தில் அந்த இடத்தில் மட்டும்
இரட்டை ஓட்டவில்லை நான்.

சட்டென்று திரும்பி நின்றுகொண்டான்,
கூட்டத்துக்கு முதுகு, சென்னியப்பனின் டிரம்முக்கு முகம்.
அதுவரை பார்க்கப்படுவதற்காகவே வாசித்தவன்
போக்கிடம் இல்லாமல் டிரம்மைக் கேட்டான்.
கிட்டாரிலிருந்து அப்போது வந்ததே ஒன்று,
கேசட் உறையில் இல்லாதது அது.
போத்தனூர் வளைவில் சரக்கு வண்டி
பிரேக் போட்டு இழுபடும் சத்தம்,
தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவன் கேட்டது.
அப்பளக் கடைக்காரன் எண்ணெயை மறந்து நின்றான்.

ஆக, பாட்டுத்தான் என்று இங்கேயே முடித்துவிடலாம்.
ஆனால் அடுத்த மாசம் தாராபுரத்தில்
முதல் பாட்டு முடியும் முன்னே கூட்டம் கத்தியது:
"திரும்பி நில்லுடா!"
நல்ல கால்சட்டையோடு திரும்பி நின்றான்.
காங்கேயத்தில் ஒரு குழு
ஆரம்பத்திலிருந்தே முதுகுகாட்டி வாசித்ததாம்.
"அக்கா, முதுகுக்கும் ஜிகினா வையுங்க" என்று
கூச்சத்தோடு வந்து நின்றான்.
வைத்தேன்.

உடுப்புத்தான் அவர்கள் என்றால்
அந்தக் குழுவில் நானும் ஒருத்தி.
மயிலாத்தாள் என்று
எந்தப் பேனரிலும் யாரும் எழுதவில்லை.

எல்லாம் கலைந்த பின் ஒரு சட்டை என்னிடம் தங்கியது.
ஜிகினா பாதி உதிர்ந்துவிட்டது.
உள்பக்கம் வேட்டித் துணியில்
அக்குளிலிருந்து இடுப்பு வரை உப்புக் கோடு.
மூன்று முறை அலசியும் போகவில்லை.
கூலியில் இன்னும் பதினெட்டு ரூபாய் வரவேண்டும்.

இதையெல்லாம் பேக்கரியில் எப்படிச் சொல்வது?
அவர் கிளம்பிவிட்டார்.
டீயில் ஆடை கட்டியிருந்தது.
விரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டேன்.
பிறகு டீயைக் குடித்தேன்.